நீ புடவை மாற்றிய பத்து நிமிடம்

ஆரணி மாநகரின் ஒப்பற்ற தறிகாரனும், ஏழு கடலுக்கு இப்பால் உள்ள அத்தனை சித்தப்பன்மாரிலும் அழகில் முதல்வனும், இன்று காலை பத்தரை மணிக்குத் தன் மானத்தைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவனுமாகிய நான், கௌசல்யா, உனக்கு எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நாளொன்றுக்கு நூறு பேரைத் தூக்கித் தரையில் போடுகிறவள் நலமாகத்தான் இருப்பாய். அந்த நூறு பேரைத்தான் விசாரிக்க வேண்டும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் நிச்சயதார்த்தத்தன்று, உனக்குத் தெரியாமல், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், கல்யாணத்துக்குப் பிறகு நீ ஜூடோவை அடியோடு விட்டுவிடுவாய் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் வாக்குக் கொடுத்தேன். இன்று காலை கலசப்பாக்கம் போய் அந்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரத்தில் நடக்கவேண்டிய உன் கல்யாணம் நடக்குமா, நிற்குமா என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியாது.

முதல் பத்தியிலேயே இடியைத் தூக்கிப் போட்டுவிட்டான் மனுஷன் என்று நினைப்பாய். வேறு வழியில்லை. அன்றைக்கு நம் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேர் முன்னால் செய்த தப்பை மூலையில் உட்கார்ந்து உன் காதில் மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனசு வரவில்லை. ஆகவே உன் போனுக்கு வருகிற இந்தக் கடிதத்தை இன்று நீ மட்டும் படிப்பாய். நாளைக் காலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை அப்படியே, ஒரு எழுத்துக் குறைக்காமல் போடப்போகிறேன். பெரணமல்லூர் அத்தை படிப்பார். படித்துவிட்டுக் கை கூப்பும் பொம்மை ஒன்றைப் போடுவார். போடட்டும். நான் யாருக்கும் பயப்படுகிறவன் அல்ல என்று முப்பது வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு நாளாவது அது உண்மையாக இருக்கட்டும்.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது அண்ணன் போய்விட்டார். அன்று முதல் சபை என்று ஒன்று கூடினால் உனக்கு அப்பா இடத்தில் உட்காருகிறவன் நான். அந்த இடத்தில் நான் உட்கார்ந்து சொன்ன பொய்களை எல்லாம் அடுக்கினால் நம் தெரு அரிசிக்கடைக் கூரையைத் தொடும். ஆனால் இந்த ஒரு பொய்யைத் தவிர மற்ற எல்லாமே உன் பக்கம் நின்று சொன்னவை. அதை நாற்பது பேரும் அறியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு, பி.டி. டீச்சர் உன்னை ஜூடோவில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாய். ஜப்பான்காரர்களின் சண்டை வித்தை என்ற வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் நான் தெருக்கோடி டீக்கடையில் இருந்தேன். எங்கள் வீட்டுப் பெண் இன்னும் ஆறு மாதத்தில் செங்கல்லைத் தலையால் உடைப்பாள், ஓட்டைக் கையால் பிளப்பாள், கோட்டை மைதானத்து ஆலமரத்தை ஒரே உதையில் சாய்ப்பாள் என்று பிரகடனம் செய்தேன். மறுநாளே இரண்டு பேர் பழைய ஓடுகளைக் கொண்டுவந்து நம் வாசலில் அடுக்கிவிட்டுப் போனார்கள், உடைத்துப் பார்க்கச் சொல்லி. நீ அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாய். "சித்தப்பா, அது கராத்தே. இதுல உதையே கெடையாது, அடியே கெடையாது. புடிச்சு, சாச்சு, கீழ போடறது. அதுக்கும் முன்னாடி நாம விழக் கத்துக்கணும். ரெண்டு மாசம் விழறது மட்டுந்தான்." விழுவதற்கு ஒரு பள்ளிக்கூடமா என்று நான் கேட்டேன். ஆரணியில் யாரும் சொல்லித் தராமலே எத்தனை பேர் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் கேட்டேன். நீ கூடத்தில் மெத்தையை விரித்து, தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாக விழுந்து, இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தாய். தறியில் உட்கார்ந்திருந்த எனக்கு நூலோட்டும் நாடா கையிலிருந்து எகிறிப் போனது. பூமி அன்றைக்கு அரை அடி நகர்ந்தது. அதன்பின் அது பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை என்பது என் கணிப்பு.

விழுவதற்குப் பள்ளிக்கூடமா என்று கேட்ட வாய்க்கு மறு வருடமே கிடைத்தது. முள்ளிப்பட்டு சாலையில் மொபெட் சறுக்கியது. ஒரு நாய் குறுக்கே வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். நாய் வரவில்லை. எதிரே வந்த ஒருத்தருக்கு இரண்டு கையையும் விட்டுக் கும்பிடு போட்டேன், அவ்வளவுதான். விழும்போது எல்லா மனுஷனும் செய்கிறதைப் போலக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் தறி நின்றது. மாவுக்கட்டோடு படுத்திருந்த என் தலைமாட்டில் நீ வந்து உட்கார்ந்தாய். பரிதாபப்படுவாய் என்று நினைத்தேன். "கைய ஊனிகினு விழுந்தா ஒடையாம இன்னா செய்யும்? மொத்த வெயிட்டும் ஒரு எலும்புல எறங்குது. முழுக் கையையும் பரப்பி அடிக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டாய். கட்டுப் பிரித்ததும் விடவில்லை. நாற்பத்தைந்து வயதில், தொப்பையோடு, அதே கூடத்தில், உன் சித்தியும் உன் அம்மாவும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, நான் விழப் படித்தேன். முதல் நாள் விழுந்தபோது அலமாரியிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர் தாமாகவே இறங்கி வந்தன. அதற்குப் பிறகு மூன்று தடவை குளியலறையில் சறுக்கியிருக்கிறேன். ஒரு எலும்பும் உடையவில்லை. ஜப்பானுக்கு நான் கடமைப்பட்டவன்.

இனி என் வாழ்நாளின் மாபெரும் தப்பு என்று இந்த வருடம் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்த தப்புக்கு வருகிறேன். உன் முதல் பெரிய போட்டி, வேலூரில். எல்லாப் பிள்ளைகளும் கெட்டித் துணியில் தைத்த வெள்ளை உடையில் வருவார்கள், கோணிப்பை போல இருக்கும் என்று நீ சொன்னாய். ஆரணிப் பெண்ணுக்குக் கோணிப்பையா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் இருந்த சேலையை நிறுத்தி வைத்துவிட்டு, வெள்ளைப் பட்டில் ஒன்பது நாள் நெய்தேன். இழையை மூன்றாக முறுக்கி, கனமாக, கழுத்துப்பட்டை முழுக்க மெல்லிசாக ஒரு ஜரிகைக் கோடு ஓடவிட்டு, மஞ்சள் பெல்ட்டின் இரண்டு முனையிலும் குட்டிக் கோபுரம் போட்டு. டெய்லர் அதைத் தைக்கும்போது கை கழுவிவிட்டு வந்து தைத்தார். ஜப்பான் சக்கரவர்த்தி அதைப் பார்த்திருந்தால் அரண்மனையை விற்று அதை வாங்கியிருப்பார். நீயும் போட்டுக் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அது சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வேலூரில் உடையைச் சோதிக்கிற அம்மா உன் கழுத்துப்பட்டையை இரண்டு விரலால் பிடித்தார். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி பிடித்தார். மறுபடி போனது. பக்கத்திலிருந்த இன்னொரு அம்மாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஐந்தாறு பேர் கூடி உன்னைச் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள். ஜவுளிக்கடையில் முகூர்த்தச் சேலை பார்ப்பது போல இருந்தது. ஒரு அம்மா விலைகூடக் கேட்டார். கடைசியில் முதல் அம்மா என்னைத் தேடி வந்து, "இது யார் வேலைங்க?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, என் வேலை என்றேன். "ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா இதப் போட்டுகினு ஆட முடியாது. எதிராளி புடிக்கறதுக்குத்தான் இந்த டிரெஸ்ஸே. புடிக்க முடியாத துணியப் போட்டுகினு வந்தா அது ஏமாத்தற மாதிரி" என்றார். யாரோ ஒரு பெரிய உடம்புக்காரப் பெண்ணிடம் கடன் வாங்கிய உடையில் நீ இறங்கினாய். சட்டை உன் முழங்காலைத் தொட்டது. எதிராளிக்குப் பிடிக்க ஒரு ஊருக்குத் தேவையான துணி இருந்தது. அரை நிமிடத்தில் மல்லாந்தாய். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது ஒன்றுதான் அப்படி ஒரு பயணம். ஆற்காடு தாண்டியதும் நீயே பேசினாய். "அவளுக்கு என்னைப் புடிக்க எடம் குடுக்கணும் சித்தப்பா. அவ என்னைப் புடிக்கணும், நான் அவளைப் புடிக்கணும். அப்பத்தான் ஆட்டம். நீ என்னை யாரும் தொட முடியாத மாதிரி பண்ணி அனுப்பிட்ட." திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிற மாதிரிச் சொன்னாய். நானோ நூலும் துணியுமாகவே வளர்ந்தவன். துணி என்றால் வழுவழுப்பு, பளபளப்பு, கை வைத்தால் அழுக்காகும் என்றுதான் எனக்குத் தெரியும். இன்னொருத்தர் கைப்பிடிக்கென்று ஒரு துணி உண்டு என்பதும், அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக எதிரே போய் நிற்பது ஒரு மரியாதை என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வருடம் அதே வேலூரில், கோணிப்பை உடையில், நீ நாலு பேரை வரிசையாக முதுகுக்கு மேலே தூக்கிப் போட்டாய். நான் அரங்கத்தில் கத்திய கத்தலில் மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

இந்தத் தங்கமான காலத்தில்தான் நீ பெரியவளானாய். மஞ்சள் நீராட்டுக்கு வந்த சொந்தங்கள் எல்லாம் இனிமேல் இந்தப் பெண் இப்படி உருண்டு புரளக் கூடாது, நாளைக்கு வயிறு வாய்க்காது, கர்ப்பப்பை இடம் மாறிவிடும் என்று ஆளுக்கொரு வைத்தியம் பேசினார்கள். பெரணமல்லூர் அத்தைதான் தலைமை. உன் அம்மா மூலையில் நின்று என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று ஒரு பொய் சொன்னேன். அத்தை, இத்தனை வருடம் கழித்து இப்போது அதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னேன். இந்த மாவட்டத்தில் ஜூடோ படிக்கிற பெண்கள் யாராவது பாதியில் நிறுத்தினால் அவர்கள் ஊருக்கு இனி ஒரு கண்டு பட்டுநூல்கூட இறக்குமதி ஆகாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னேன். "மொத்த ஆரணியும் நின்னுடும் அத்தை. அந்தப் பாவம் ஒனக்கு வேணுமா?" என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப சரி, ஊருக்காவ ஆடட்டும்" என்றார். நீ ஊருக்காக ஆடினாய். மாநிலம் வரைக்கும் போனாய். நாற்பத்தெட்டு கிலோ பிரிவுக்கு முந்நூறு கிராம் அதிகம் என்று தோட்டை, மூக்குத்தியைக் கழற்றி, எச்சில் துப்பித் துப்பித் தராசில் ஏறினாய். தேசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினாய். மெடலை நான் நம் தறியில் மாட்டி வைத்தேன். இடித்துக்கொண்டே இருக்கிறது என்று உன் சித்தி கழற்றி வைத்தாள்.

இப்படி ஒரு வீர வரலாறு உள்ள மனுஷன் நிச்சயதார்த்தத்தில் ஏன் குப்புற விழுந்தான் என்று கேட்பாய். எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டுப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டு வா என்று உன்னை உள்ளே அனுப்பினார்கள். நீயும் சித்தியும் உன் அம்மாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். சபையில் ஆண்களும், வெற்றிலை மெல்லுகிற பெரிய பெண்களும்தான். அந்தப் பத்து நிமிடத்தில் கலசப்பாக்கத்துச் சம்பந்தி என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். என் கையில் வெற்றிலைத் தட்டு. அவர் கையில் ஒன்று. மாற்றிக்கொள்ளப் போகிற நேரம். "இந்தக் குடும்பத்துல நீங்க ஒரு வார்த்த சொன்னா அது நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பெரிய மனுஷத்தனத்த நம்பித்தான் கேக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு இந்த ஜூடோ எல்லாம் வுட்டுடணும்" என்றார். கௌசல்யா, அவர் என்னை மிரட்டியிருந்தால் நான் திமிறியிருப்பேன். கெஞ்சியிருந்தால் ஜப்பான் கடிதத்தை எடுத்திருப்பேன். பெரிய மனுஷன் என்றுவிட்டார். என் வாழ்நாளில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நானேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது பேர் பார்க்கிறார்கள். கையில் தட்டு. "அதுக்கென்னங்க, வுட்டுடுவா" என்றேன். தட்டு மாறியது. நீ புதுப்புடவையில் வெளியே வந்து எல்லாரையும் விழுந்து கும்பிட்டாய். உனக்கு அட்சதை போட்ட கைகளில் என் கையும் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி. பயிற்சியாளர் படிப்பை முடிக்க நீ வடக்கே திரும்பிப் போன பிறகு, போன வாரம் போன் செய்தாய். ஆரணியில் நீ வகுப்பு ஆரம்பிக்கப் போவதாகப் பழைய பி.டி. டீச்சர் சொல்லி, இருபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். மூச்சு விடாமல் பேசினாய். வாரத்துக்கு நாலு நாள் கலசப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன், போளூரில் மாறினால் போதும் என்று நேரம் எல்லாம் குறித்து வைத்திருந்தாய். கடைசியில், "அவங்க வீட்டுல இதெல்லாம் தெரியும் இல்ல சித்தப்பா? நீ பேசிட்ட இல்ல?" என்று கேட்டாய். தெரியும் தெரியும் என்றேன். போனை வைத்ததும் பக்கத்தில் நின்றிருந்த உன் சித்தி கேட்டாள், "இன்னா தெரியும்?" அன்றைக்குத்தான் அவளுக்கும் உன் அம்மாவுக்கும் விஷயம் தெரிந்தது. உன் அம்மா எழுந்துபோய் உன் பழைய வெள்ளை ஜூடோ உடையை எடுத்து வெயிலில் உலர்த்தினார். ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள், அதாவது இன்று காலை, கலசப்பாக்கத்துக்குப் புறப்பட்டேன்.

சித்தியும் கூட வந்தாள். "நீங்க பேசினா பத்துல ஒம்போது பொய்யா இருக்கும். நான் வந்து எண்ணிகினு இருக்கேன்" என்றாள். அங்கே அவர்களின் மருந்துக்கடையை ஒட்டியே வீடு. சம்பந்தி மரியாதையாக வரவேற்று, காப்பி போடச் சொன்னார். காப்பி வருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சபையில் சொன்னது என் வார்த்தை, பெண்ணுடைய வார்த்தை அல்ல, அவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள், இன்றுவரை அவளுக்குத் தெரியாது, அந்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். சித்தி என் முகத்தையே பார்த்தாள். ஒரு பொய்கூட எண்ணிக்கைக்குக் கிடைக்கவில்லை.

சம்பந்தி தோள் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார். பிறகு, "சபையில சொன்னதுங்க அது. தட்டு கையில இருந்துது" என்றார்.

"ஆமாங்க. இருந்துது."

"நாங்க இன்னா தப்பா கேட்டுட்டோம்? வர்ற மருமக கை கால் ஒடையாம இருக்கணும்னு கேட்டோம்."

"நீங்க கேட்டது தப்பில்லீங்க. என்னைக் கேட்டதுதான் தப்பு. அவளைக் கேட்டிருக்கணும். நானும், வாய மூடிகினு அவ வெளிய வர்ற வரைக்கும் இருந்திருக்கணும்."

இதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு உன் தினேஷ் கடையிலிருந்து உள்ளே வந்துவிட்டான். கையில் யாருக்கோ வெட்டிக் கொடுக்கவேண்டிய மாத்திரை அட்டையும் கத்தரிக்கோலும். நடந்ததை அவனிடமும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அவன் அப்பாவைப் பார்த்தான். "அவங்களே இஷ்டப்பட்டு வுட்டுடறதா சொன்னாங்கன்னுதானே நீங்க எங்கிட்ட சொன்னீங்க?" என்றான். சம்பந்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நல்ல நாள் ஒன்றும் அதில் தெரியவில்லை போலிருக்கிறது. "எதுக்கு வீண் பேஜாருன்னு அப்பிடிச் சொன்னேன்" என்றார் மெல்ல. கௌசல்யா, அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. என் கூடப்பிறந்தவர் போல இருந்தார். அவர் பிள்ளைக்கு அவர் சொன்ன பொய்யும், உனக்கு நான் சொன்ன பொய்யும் ஒரே பாவில் ஓடிய இரண்டு இழை.

தினேஷ் சொன்னான், ஒரு நாள் போனில் உன்னிடம், போட்டி எல்லாம் இல்லாமல் போனால் கஷ்டமாக இருக்காதா என்று கேட்டானாம். எதுக்கு இல்லாமல் போகணும் என்று நீ சிரித்தாயாம். அவனுக்கு அப்போது புரியவில்லையாம். "இப்பத்தான் புரியுது. அவங்க கிட்ட நானே பேசறேன்" என்றான்.  சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சம்பந்தி மட்டும் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னார். "நீ பேசு. ஆனா என் பேச்சுல மாத்தம் இல்ல. வுட்டாத்தான் கல்யாணம். ஞாயித்துக்கெழமைக்குள்ள எனக்குப் பதில் வேணும்." காப்பி வந்தது. குடித்தோம். நல்ல காப்பி. அதில் குறை சொல்ல முடியாது.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்கு அவன் போன் வரும். அவன் நல்லவனா என்று என்னைக் கேட்காதே. கத்தரிக்கோலோடு நின்ற ஒரு பையனை ஐந்து நிமிடம் பார்த்து அதைச் சொல்கிற பெரிய மனுஷத்தனத்தை நான் விட்டுவிட்டேன். நீ பிடித்துப் பார். அவன் உன் கையைப் பிடிக்கிற பிடியிலேயே உனக்குத் தெரிந்துவிடும், தள்ளுகிறானா, இழுக்கிறானா, வெறுமனே நிற்கிறானா என்று. இரண்டாயிரம் பேரின் சட்டையைப் பிடித்தவள் நீ. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நீ அவன்மேல் ஆசை வைத்திருக்கிறாய் என்று தெரியும். போன் பேசும்போது மாடிப்படியில் உட்கார்ந்து கால் விரலை மடக்கி மடக்கி விரிப்பாய். எனக்குக் கண் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத எனக்கு வலிக்கிறது. ஆசைக்காக நீ ஜூடோவை விட்டாலும் நான் உன்னோடு இருப்பேன். ஜூடோவுக்காக அவனை விட்டாலும் இருப்பேன். இரண்டையும் விடமாட்டேன் என்று நீ சண்டைக்கு நின்றால் உன் பின்னால் நானும் சித்தியும் உன் அம்மாவும் நிற்போம். மூன்று பேரும் சேர்ந்து இருநூற்றுப் பத்து கிலோ. எந்தப் பிரிவிலும் எங்களைச் சேர்க்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சரி என்று சொல்லிவிடாதே. உனக்கு அந்தப் புத்தி உண்டு. வேலூர் போட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, உடை நன்றாகத்தான் இருந்தது என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாய். அந்த மாதிரி இப்போது சொல்லாதே. சித்தப்பன் சபையில் சொன்னது பொய்யாகிப் போகுமே, ஊர் சிரிக்குமே என்று நினைக்காதே. பொய்யாகிவிட்டது. ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டது. நான் காதை விரித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அப்படி ஒன்றும் சகிக்க முடியாத சத்தமாக இல்லை. சொந்தங்களே, நாளைக் காலை இதைப் படிக்கிற உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். யாருக்காவது பேச வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். கௌசல்யாவுக்குப் போன் போட்டுப் புத்தி சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் வந்து, மைக்கைப் பிடித்து, இரண்டு மணி நேரம் வாழ்த்திப் பேசிவிட்டுத்தான் இறங்குவேன். நான் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மத்தியானம் கல்யாண மண்டபத்து மேனேஜர் போன் செய்தார். கலசப்பாக்கத்து விஷயம் எனக்கு முன்னால் ஆரணி வந்து சேர்ந்திருக்கிறது. "இன்னாங்க, கல்யாணம் உண்டா இல்லியா? மேளக்காரங்க கேக்கறாங்க" என்றார். உண்டோ இல்லையோ, அன்றைக்கு மண்டபம் எங்களுடையது என்றேன். கல்யாணம் இல்லையென்றால் பந்திப் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு ஜூடோ மேட் விரிக்கிறோம், இருபத்திரண்டு பெண்கள் முதல் வகுப்புக்கு வருவார்கள், மேளக்காரர்களும் வரட்டும், ஒவ்வொரு பெண்ணும் விழும்போது கெட்டிமேளம் கொட்டட்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுமையான மனுஷன். "அதெல்லாம் சரிங்க. வாசல்ல போர்டு வெக்கணும். கல்யாணம்னு எழுதறதா, வேற எதனா எழுதறதா? ஒண்ணு சொல்லுங்க, நீங்கதானே பெரியவரு" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "பொண்ணக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் சரி என்று போனை வைத்துவிட்டார். போர்டை இன்னும் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா